பொரேகோ சாலையில் நெருஞ்சி

முதல் முறை சைக்கிளில் போனபோது மூன்று பஞ்சர். கையில் இருந்ததோ இரண்டே டியூப். மூன்றாவது முறை காற்று இறங்கிய இடத்தில் மரம் இல்லை, கடை இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. ஒக்கோட்டியோ என்ற செடி மட்டும் ஒன்று நின்றது. முள் குச்சிகளை ஒரு கட்டாகக் கட்டித் தலைகீழாக நட்டுவைத்த விளக்குமாறு போல, இரண்டாள் உயரம். அதன் நிழல் கோடு கோடாக விழுந்தது. அந்தக் கோடுகளுக்கு நடுவில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், கூட வந்த கோவைத் தம்பி திரும்பிப் போய்க் காரை எடுத்துக்கொண்டு வரும்வரை.

அது பிப்ரவரி. அதற்கப்புறம் ஆறு வாரம் வண்டியைப் பிரித்து மேய்ந்து, மார்ச் கடைசியில் அதே சாலைக்குத் திரும்பப் போனேன். இடையில் என்னென்ன செய்தேன், எது பலித்தது, எது சொதப்பியது என்பதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். சான் டியேகோவிலிருந்து மலை தாண்டிக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கார் ஓட்டினால் பொரேகோ ஸ்பிரிங்ஸ். சுற்றிலும் அன்சா-பொரேகோ பாலைவனப் பூங்கா. கலிஃபோர்னியாவின் மாநிலப் பூங்காக்களில் இதுதான் பெரியது. ஊரில் ஒரு டிராஃபிக் சிக்னல்கூடக் கிடையாது. நடுவில் கிறிஸ்மஸ் சர்க்கிள் என்று ஒரு ரவுண்டானா, அவ்வளவுதான். அங்கிருந்து எஸ்-22 என்ற சாலை கிழக்கே சுமார் 45 கிலோமீட்டர் போய் சால்டன் சிட்டியில் முடிகிறது. புறப்படும் இடம் கடல்மட்டத்துக்கு மேலே 180 மீட்டர். முதலில் ஏற்றம், பிறகு மேடும் பள்ளமுமாகக் கொஞ்ச தூரம், கடைசியில் நீண்ட இறக்கம். சேருகிற இடம் கடல்மட்டத்துக்கும் கீழே. வழியில் தண்ணீர் இல்லை. சாலைக்குத் தெற்கே, மழை அரித்து அரித்து எலும்பும் தோலுமாகிவிட்ட களிமண் குன்றுகள், கண்ணுக்கு எட்டும் தூரம்வரை. ஒரு காலத்தில் ஆறும் ஏரியும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அது. நிலப்பிளவு அதைத் தூக்கிவிட்டது. இங்கே மழை குறைவு, ஆனால் பெய்தால் அடித்துப் பெய்யும். பிடித்துக்கொள்ள வேர் இல்லாத மண் என்ன செய்யும்? ஓடை ஓடையாக அறுந்துபோய்விட்டது.

இப்படிப்பட்ட இடத்துக்குப் போகும்போது எல்லோரும் வெயிலுக்கும் ஏற்றத்துக்கும் பயப்படுவார்கள். நானும் அப்படித்தான் போனேன். கவிழ்த்தது ஒரு முள்.

காரில் திரும்பும்போது தம்பி கழற்றிய டயரை மடியில் வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஏனுங்கண்ணா, இது நம்ம ஊரு நெருஞ்சி மாதிரியே இருக்குதுங்க."

மாதிரி இல்லை. அதேதான். இங்கே இதற்கு ஆட்டுத்தலை என்று பேர், இரண்டு கொம்பு இருப்பதால். காய் முற்றினால் பெரும்பாலும் ஐந்து துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய முள். எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே பார்த்துத்தான் நிற்கும். நீர்க்கடுப்புக்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்களே, அந்தச் செடி. ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா பக்கத்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்து களையாகிவிட்டது. அதைக் கட்டுப்படுத்த 1961-இல் இரண்டு வகைக் கூன்வண்டுகளை இங்கே இறக்குமதி செய்து விட்டிருக்கிறார்கள். ஒன்று காயைத் துளைக்கும், மற்றது தண்டைத் துளைக்கும். இந்தியாவிலும் இத்தாலியிலும் இயற்கையாகவே இருக்கிற வண்டுகள். பொரேகோவில் மெஸ்கீட் மரங்களும் உண்டு, நம் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி. அவர்கள் கண்டத்து முள் நமக்கு, நம் பக்கத்து முள் அவர்களுக்கு. நல்ல பண்டமாற்று.

இன்னொன்றும் அன்றைக்குப் புரிந்தது. அந்தக் குன்றுகளுக்கு நடுவில் நெருஞ்சி இல்லை. மனிதர் கிளறிப் போட்ட மண்ணில்தான் அது வரும். நாங்கள் கார் நிறுத்தியது ஊரோரம் ஒரு காலிமனையில். அங்கிருந்து தார் ரோட்டுக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த இருபது அடியில் எல்லாம் முடிந்துவிட்டது. முள் உடனே காற்றை விடாது. அடைத்துக்கொண்டே இருந்து, உருள உருள ஆழமாக இறங்கி, எட்டாவது கிலோமீட்டரில் கைவிடும். அதைவிடக் கேவலம், இரண்டாவது பஞ்சருக்கு முள்ளைக் குறை சொல்ல முடியாது. முதல் தடவை டியூப் மாற்றியபோது டயருக்குள் உடைந்து நின்ற முனையை நான் கவனிக்கவில்லை. விரலால் தடவிப் பார்த்தேன்தான், அவசரத்தில். கொஞ்சம் பஞ்சை உள்ளே ஓட்டியிருந்தால் சிக்கிக் காட்டிக்கொடுத்திருக்கும். எங்கள் ஊர்ப் பஞ்சர் கடைக்காரர் பழைய பனியன் துணியை வைத்து அதைத்தான் செய்வார். சின்ன வயதில் நூறு முறை பார்த்திருக்கிறேன்.

சரி, டியூப் இல்லாமல் டயருக்குள்ளேயே காற்றை அடைக்கும் டியூப்லெஸ்ஸுக்கு மாறிவிடலாம் என்று முடிவு செய்தேன். என் ரிம் அதற்கு ஏற்றதுதான், உள்ளகலம் 21 மில்லிமீட்டர். பழைய டயர் 28, புதிது 32. ஃபிரேமில் இடம் இருக்குமா என்று பார்க்க ஒரு சுலப வழி: டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் 4 மில்லிமீட்டர் ஆலன் கீ எல்லாப் பக்கமும் நுழைந்துவந்தால் போதும். நுழைந்தது.

முதல் சக்கரத்தை ஒரு கடையில் கொடுத்துச் செய்தேன். மறுநாள் காலை அப்பளமாகக் கிடந்தது. டயருக்குள் ஊற்றினால் துளைகளைத் தானே அடைக்கும் வெள்ளைத் திரவமான சீலன்டை நம்பி இன்னும் கொஞ்சம் ஊற்றினேன், அதற்கு மறுநாளும் அப்பளம். அப்போதுதான் புத்தி வந்து, துணி அடுக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் தண்ணீர் நிரப்பிச் சக்கரத்தை முக்கிச் சுற்றினேன். குமிழி டயர் ஓரத்தில் வரவில்லை. ஆரக்கம்பி ரிம்மோடு சேரும் துளைகளிலிருந்து வந்தது. டியூப்லெஸ்ஸில் அங்கே குமிழி வந்தால் குற்றவாளி பெரும்பாலும் அந்தத் துளைகளை உள்ளிருந்து மூடும் ரிம் டேப்தான். பிரித்துப் பார்த்தால், டேப் 21 மில்லிமீட்டர். ரிம்மின் அகலமும் டேப்பின் அகலமும் சரிசமமாக இருந்தால் ஓரம் ஏறிப் பிடிக்காது. அடியில் பழைய பிசினும் துடைக்காமல் இருந்தது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவில்லை. நானே செய்தேன்.

25 மில்லிமீட்டர் டேப் வாங்கினேன். ரிம்மை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் இரண்டு முறை துடைத்து, காயவிட்டு, டேப்பை இழுத்துப் பிடித்து ஒட்டினேன். உண்மையிலேயே இழுக்க வேண்டும், கட்டைவிரல் வலிக்கிற அளவுக்கு. நடுப்பள்ளத்தில் அது தொய்வாக நின்றால் காற்றழுத்தத்தில் நகர்ந்துவிடும். வால்வு துளையைத் தாண்டி ஒரு சாண் மேலே ஒட்டி முடித்தேன். துளையைக் கத்தியால் கீறவில்லை, கீறினால் கீறல் நீளும். ஆணியைச் சூடாக்கிக் குத்தினேன், ஓரம் உருகிச் சுத்தமாக வந்தது. அப்புறம் ஒரு சாதா டியூபைப் போட்டுக் காற்றடித்து ராத்திரி முழுக்க விட்டேன். டேப் ரிம்மின் வளைவோடு நன்றாக அழுந்திக்கொள்ளும். இந்த ஒரு ராத்திரிதான் வித்தியாசமே என்று நினைக்கிறேன்.

மறுநாள் டியூபை எடுத்துவிட்டு டியூப்லெஸ் வால்வு போட்டு, டயர் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வின் உள்பாகத்தைக் கழற்றிவிட்டுக் கைப்பம்பில் அடித்தேன். முன்சக்கரம் உட்கார்ந்தது. பின்சக்கரம் எவ்வளவு அடித்தாலும் புஸ்ஸென்று வெளியே விட்டது. தோளில் போட்டுக்கொண்டு பெட்ரோல் பங்குக்கு நடந்தேன். பித்தளையில் சின்ன அடாப்டர் ஒன்று விற்கிறது, அதை வைத்து அங்கே இருந்த கம்ப்ரஸரில் ஒரே மூச்சில் விட்டதும் பட், பட் என்று ஊசிவெடி போல ஓரம் ஏறி உட்கார்ந்தது. காற்றை இறக்கி, ஊசியில்லாத சிரிஞ்சால் வால்வு வழியே சக்கரத்துக்கு 60 மில்லி சீலன்ட். சுற்றி, குலுக்கி, இரண்டு பக்கமும் பத்து நிமிடம் படுக்கப்போட்டேன். என் எடை 74 கிலோ. முன்பு 85 பிஎஸ்ஐ அடிப்பேன், இப்போது முன்னால் 52, பின்னால் 56. கை மரத்துப்போவது இதிலேயே பாதி குறைந்துவிட்டது.

அந்தக் காலிமனையில் தம்பி ஒரு டப்பா நிறைய நெருஞ்சி பொறுக்கி வைத்திருந்தார், நாட்டுப்பற்றோ என்னவோ. கராஜ் தரையில் நாலைப் பரப்பி, மனதைத் திடப்படுத்திக்கொண்டு முன்சக்கரத்தை அதன் மேல் உருட்டினேன். மூன்று குத்திக்கொண்டன. ஒன்றைப் பிடுங்கினேன். எருக்கம்பால் போல வெள்ளைச் சொட்டு வெளியே வந்தது. துளை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பினேன். ஐந்தாறு விநாடியில் நின்றுவிட்டது. அழுத்தம் இரண்டு பிஎஸ்ஐகூட இறங்கவில்லை. மற்ற இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன், பார்ப்போமே என்று. இது பிற்பாடு வேலை வைத்தது.

அடுத்தது செயின். முதல் பயணத்தில் கொழகொழ எண்ணெய் போட்டிருந்தேன். பாலைவனப் புழுதி அதில் ஒட்டிக் கறுப்புச் சாந்தாகி, செயினை உள்ளிருந்து அரைக்கத் தொடங்கியது. பெடல் மிதிக்கும்போது அரிசி களைகிற சத்தம். மெழுகுக்கு மாறினால் புழுதி ஒட்டாது என்று பலரும் சொல்ல, அதையும் செய்துபார்த்தேன். செயினைக் கழற்றி, கிரீஸைக் கரைக்கும் மினரல் ஸ்பிரிட்டில் மூன்று முறை குலுக்கி, கடைசியில் ஆல்கஹாலில் ஒரு முறை. ஆலை போட்ட கிரீஸ் துளி இருந்தாலும் மெழுகு பிடிக்காது. மெழுகை உருக்க மனைவியிடம் வீட்டு ஸ்லோ குக்கரைக் கேட்டேன். பதில் வரவில்லை, பார்வை வந்தது. பழைய சாமான் கடையில் 6 டாலருக்கு ஒன்று கிடைத்தது. அடுப்பில் நேரடியாக வைத்து உருக்காதீர்கள், தீப்பிடிக்கும். பாரஃபின் உருகியதும் செயினைக் கம்பியில் கோத்து உள்ளே விட்டு, குமிழி அடங்கும்வரை ஆட்டி, தொங்கவிட்டால் முடிந்தது. ஆறினதும் கம்பி மாதிரி விறைத்து நிற்கும். ஒவ்வொரு கண்ணியாக மடக்கி உடைத்துவிட வேண்டும், முறுக்கு நொறுங்குகிற சத்தத்தோடு. 300 கிலோமீட்டருக்கு ஒரு முறை இதைத் திரும்பச் செய்கிறேன். சோம்பேறிகளுக்கு ஆகாது. ஆனால் செயினைத் தொட்ட கையோடு சாப்பிட உட்காரலாம்போல அவ்வளவு சுத்தம்.

தண்ணீர் விஷயத்தில் பெரிய ஆராய்ச்சி இல்லை. முன்பு ஒன்றரை லிட்டர் கொண்டுபோனேன், மடத்தனம். இப்போது 950 மில்லி பாட்டில் இரண்டு, முதுகுப்பையில் ஒன்றரை லிட்டர். லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்பு, மூன்று ஸ்பூன் சர்க்கரை, அரை எலுமிச்சை. கடையில் விற்கிற வண்ணப்பொடிகளைவிட இது குடிக்க நன்றாக இருக்கிறது.

மார்ச் கடைசி சனிக்கிழமை, விடியும்போது புறப்பட்டோம். காரைத் தார் போட்ட இடத்தில் நிறுத்தி, அப்படியும் சந்தேகப்பட்டு, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்தோம். நடந்துபோன பாட்டி ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

பதினோரு கிலோமீட்டர் வாக்கில் பெக்லெக் ஸ்மித் நினைவிடம். மரக்கால் வைத்த ஒருவன் இந்தப் பாலையில் தங்கம் கண்டதாகவும் அந்த இடத்தைத் தொலைத்துவிட்டதாகவும் கதை. தங்கம் தேடுகிறவர்கள் பத்துக் கல்லைப் போட்டுவிட்டுப் போகவேண்டும் என்று பலகை இருக்கிறது, பக்கத்தில் பெரிய கற்குவியல். ஆளுக்குப் பத்துக் கல் போட்டோம். தம்பி எண்ணி எண்ணிப் போட்டார்.

அதன்பிறகு ஏற்றம். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு ஓடை மடிப்பும் தனித்தனியாகத் தெரிந்தது. காவி, சாம்பல், நடுநடுவே வெளிறிய பச்சை. ஃபான்ட்ஸ் பாயின்ட் என்ற மேட்டுக்குப் போனால் மொத்தக் குன்றுகளையும் மேலிருந்து பார்க்கலாம், 1775-76-இல் ஸ்பானியப் பயணக்குழுவோடு இந்த வழியாக வந்த பாதிரியார் பெத்ரோ ஃபான்ட்டின் பெயர். சாலையிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் மணல் ஓடை, 32 மில்லிமீட்டர் டயருக்கு அங்கே வேலையில்லை. சாலை வழியாகத் தெரிந்ததே எங்களுக்குத் தாராளம்.

இந்தச் சாலை பாலம் கட்டி ஓடைகளைத் தாண்டுவதில்லை, இறங்கி ஏறுகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் வேகம் எடுக்கும், அந்த வேகத்தில் அப்படியே மறுமேட்டில் ஏறிவிடத் தோன்றும். பள்ளத்தின் அடியில்தான் மணல் படிந்திருக்கும். இறங்கும்போதே பிரேக் பிடித்துவிட்டு, மணலில் பிரேக்கைத் தொடாமல், ஹேண்டிலைத் திருப்பாமல் உருளவேண்டும். ஒரு தடவை நான் மறந்தேன். பின்சக்கரம் அரை அடி நகர்ந்து, மனசு மாறித் திரும்பி வந்தது. வார இறுதிகளில் மணல்வண்டிகளை டிரெய்லரில் கட்டி இழுத்துக்கொண்டு பெரிய வண்டிகள் வரும், பின்விளக்கு பகலிலும் எரியட்டும்.

38-ஆவது கிலோமீட்டரில் பின்னால் ஸ்ஸ்ஸ். காலெல்லாம் வெள்ளைத் துளி. இறங்கிப் பார்த்தால், டயரின் பக்கச்சுவரில் ஆறேழு மில்லிமீட்டர் வெட்டு, கூரான கல்லாக இருக்கவேண்டும். நம் ஊரில் பைக் டியூப்லெஸ்ஸுக்குப் புழு மாதிரி ஒரு திரியைச் செருகுவார்களே, அதன் சின்னத் தம்பி என் பையில் இருந்தது. செருகினேன். பக்கச்சுவர் மெல்லியது, வளைந்துகொண்டே இருப்பது. பத்துச் சுற்றில் திரி வெளியே வந்து விழுந்தது. இனி டியூப் போடுவதைத் தவிர வழியில்லை.

டியூப்லெஸ்ஸுக்கு மாறினவர்கள் பலர் சொல்லாமல் விடும் கதை இங்கேதான் இருக்கிறது. டயரைத் திருப்பி உள்ளே தடவினேன். குத்தியது. இன்னொரு இடத்தில் குத்தியது. ஆறு வாரப் பயிற்சியில் எங்கெங்கோ ஏறின முட்கள் அத்தனையும் உள்ளே நின்றன. சீலன்ட் முள்ளைத் தடுக்கவில்லை, எனக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தது. இப்படியே டியூப் போட்டால் ஒவ்வொரு முள்ளும் ஒரு பஞ்சர். மனைவியின் புருவம் திருத்தும் சாமணம் பையில் இருந்தது, முதல் பயணத்தின் பாடம். உட்கார்ந்து ஒன்பது முள் எடுத்தேன். தம்பி பனியன் துணியை உள்ளே ஓட்டிப் பத்தாவதைக் கண்டுபிடித்தார்.

வெட்டின இடத்தில் டியூப் பிதுங்காமல் இருக்க உள்பக்கம் ஒரு டாலர் நோட்டை மடித்து வைத்தேன்.

"இருபது டாலர் வைங்கண்ணா, கெட்டியா இருக்குமுங்க."

எல்லா நோட்டும் ஒரே சரக்குதான்: 75 சதவீதம் பருத்தி, 25 சதவீதம் லினன். காகிதம் என்பதைவிடத் துணி, அதனால்தான் தாங்குகிறது. டியூபில் 45 பிஎஸ்ஐ மட்டும் அடித்தேன். மொத்தம் நாற்பது நிமிடம். அதில் முப்பது முள்ளுக்கு.

திரும்பிவிடலாமா என்று யோசித்தோம். தண்ணீர் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது, சால்டன் சிட்டி ஏழே கிலோமீட்டர், அதுவும் இறக்கம். போனோம். 1905-இல் கொலராடோ ஆற்றின் பாசனக் கால்வாய் உடைத்துக்கொண்டு இந்தப் பள்ளத்தில் பாய்ந்து உண்டான உப்பு ஏரிதான் சால்டன் கடல். காற்று அந்தப் பக்கமாக இருந்தால் அழுகின முட்டை வாடை. ஊர், வரைபடத்தில் பெரிது. தெருப்பெயர்ப் பலகைகள் வரிசையாக நிற்கின்றன, வீடுகள்தான் வரவில்லை. பெட்ரோல் பங்கில் தண்ணீரை நிரப்பி, ஒரு பாக்கெட் உப்புக்கடலையை இருவரும் தின்று முடித்தோம்.

வரும்போது காற்று முதுகில் இருந்ததை நாங்கள் எங்கள் திறமை என்று நினைத்திருந்தோம். வசந்தத்தில் இங்கே மதியத்துக்கு மேல் மேற்குக் காற்று மலையிலிருந்து இறங்கிவரும். போக இரண்டேகால் மணி நேரம் மிதித்தோம், திரும்ப நாலு மணி. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை மாறி மாறி முன்னால் போனோம். மணல் கன்னத்தில் ஊசியாக அடித்தது. செயின் மட்டும் கடைசிவரை சத்தமே போடவில்லை, அன்றைக்கு என்னைக் கைவிடாத ஒரே சாமான். 3.4 லிட்டரும் தீர்ந்தபோது கிறிஸ்மஸ் சர்க்கிளின் பனைமரங்கள் தெரிந்தன. டாலர் நோட்டு இடத்தைவிட்டு அசையவில்லை.

மறுநாள் பின்டயரைத் தூக்கிப் போட்டேன், வெட்டு நீண்டிருந்தது. முன்டயரையும் திறந்து பார்த்தேன். ஊற்றிய 60 மில்லியில் பாதிகூட இல்லை, மீதி ரப்பர்த் தோலாக ஒட்டிக் காய்ந்திருந்தது. குளிர்ந்த ஊர்களில் மூன்று மாதத்துக்கு மேல் ஓடுமாம், இங்கே வறண்ட காற்றில் ஆறு வாரம். உள்ளேயிருந்து பதினொரு முள் எடுத்தேன், கராஜில் நானே ஏற்றிவிட்ட இரண்டும் அதில் சேர்த்தி. புதிதாக 60 மில்லி ஊற்றி, ஒட்டுத்தாளில் தேதி எழுதி வால்வு பக்கத்தில் ஒட்டினேன். இனிமேல் மாதத்துக்கு ஒரு முறை டயரைக் கழற்றி உள்ளே துணி ஓட்டுவதாகத் தீர்மானம்.

எடுத்த முட்களைத் தம்பியின் டப்பாவில் போடப்போனபோதுதான் கவனித்தேன். அதில் கிடந்த காய்களில் மூன்றில் குண்டூசித் தலை அளவுக்கு வட்டமாகத் துளை. டப்பாவைத் தட்டிக் கொட்டினால், அடியில் சாம்பல் நிறத்தில், நெல்லைவிடச் சின்னதாக, மூக்கு நீண்ட ஒரு வண்டு செத்துக்கிடந்தது. படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன்.

"இவரும் நம்ம ஊருங்களாண்ணா?" என்று பதில் வந்தது.